வேலைக்குப் போகும் பெண்களும் தலைமைப் பொறுப்பும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் வங்கியிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சொந்தக் கடையிலோ நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறகு பெண் ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்குப் பேசப் போகத் தொடங்கினேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே உள்ளன.

பதவி உயர்வு வந்துவிட்டது. முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

எதையும் மாற்றாதீர்கள். மேசையின் திசையைக்கூட மாற்ற வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒவ்வொருவருடனும் தனியே அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே எந்த வேலை வீணாக நடக்கிறது? வேலை எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது? நான் எதில் தலையிடாமல் இருந்தால் நல்லது? மூன்றாவது கேள்விக்கு முதல் சந்திப்பில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கேட்டீர்கள் என்பது மட்டும் அவர்கள் மனத்தில் தங்கும்.

உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரைக் குறை சொல்லாதீர்கள். நம்முடையது சிறிய ஊர். அவருடைய மைத்துனர் உங்கள் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் வெற்றி பெற முடியும் என்கிறார்களே?

வாசல் தெளித்து, சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து ஒன்பதரை மணிக்கு இருக்கையில் அமரும் பெண்ணிடம் "இன்னும் சீக்கிரம் எழுந்திரு" என்று சொல்வது அறிவுரையே அல்ல, வம்பு. போதிய தூக்கம் இல்லாதவர் எடுக்கும் முடிவுகளும் அப்படியே இருக்கும். உங்களுக்கு எந்த நேரம் வாய்க்கிறதோ அந்த நேரத்தில் பழக்கத்தை வையுங்கள்.

21 நாள் விடாமல் செய்தால் ஒரு செயல் பழக்கமாகிவிடுமா?

ஆகாது. அந்தக் கணக்கு வந்த வழி வேறு. 1960-இல் அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் ஒருவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட, 21 மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் தெளிவானது. ஒரு செயல் யோசிக்காமலே கைவரச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு ஏதும் வரவில்லை. கோயில் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் என்று இங்கே நாள் தவறத்தான் செய்யும். மறுநாள் தொடர்ந்தால் போதும். "விட்டுப்போயிற்று, இனி அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து" என்பதுதான் பழக்கத்தைக் கொல்லும் எண்ணம்.

எனக்கு நேரம் குறைவு. ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்கள்.

அன்றன்றைக்குக் கணக்கை முடிப்பது. நான் சொல்வது பணக் கணக்கை அல்ல, வேலைக் கணக்கை. அலுவலகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்று என்ன முடிந்தது, எந்த வேலை யாரிடம் நிற்கிறது, நாளைக் காலை முதலில் எதைத் தொட வேண்டும். அவ்வளவுதான். அழகான கையெழுத்து வேண்டாம், வண்ணப் பேனாவும் வேண்டாம்.

இது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக் கடை வைத்திருந்த நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பேரேடும் ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) எழுதியே தொழிலைக் காத்தார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் கடையின் நிலையை ஊரில் முகப்பில் உட்கார்ந்திருக்கும் முதலாளி அந்த எழுத்தை வைத்தே அறிந்தார். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். சீர் முறைகளை எழுதும் முறைச்சிட்டை, மொய் ஏடு என்று எல்லாவற்றுக்கும் எழுத்து உண்டு. பழைய பெட்டகத்தைத் திறந்தால் எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை பித்தளைப் பாத்திரம் வைத்தார்கள் என்பதுகூட இருக்கும். இவ்வளவும் பார்த்து வளர்ந்த நாம் அலுவலகத்துக்குப் போனதும் "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்கிறோம்.

ஞாபகத்தில் வைத்திருக்கும் வேலை வீட்டுக்கும் கூடவே வரும். குழம்பு தாளிக்கும்போது அந்தக் கோப்பு நினைவுக்கு வரும். எழுதிவைத்துவிட்டால் மனம் அதை விட்டுவிடும். எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

எப்போது எழுதுவது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. "மாலைத் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தவுடன் நோட்டைத் திறப்பேன்" என்று ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். "இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், வெறுமனே "செய்ய வேண்டும்" என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்துமுடித்தார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின.

நம்பி ஒப்படைக்க ஆள் இல்லை. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செட்டியார் கடைகளில் ஆள் வளர்த்த முறையை எண்ணிப் பாருங்கள். சிறுவனாகப் போனவன் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டியின் அடியில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்து, பார்த்துப் பார்த்துக் கற்றான். தேறியதும் அடுத்தாள். அவனுக்கு மேலே, கடையை முழுதாக நடத்தும் மேலாள். மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில்தான் போவார். தவணை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். அதனால் இடத்தை எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தினால் மட்டும் ஆள் வளர்க்கவில்லை. வளர்க்காவிட்டால் கடை நின்றுபோகும்.

இந்த ஏணியில் பெண்களுக்கு இடம் தரப்படவில்லை. ஆனால் அந்த ஆண்கள் கடலுக்கு அப்பால் இருந்த ஆண்டுகளில் இங்கே அரண்மனை அளவு வீட்டையும் பிள்ளைகளையும் உறவு முறைகளையும் நடத்தியவர்கள் பெண்கள். ஆச்சிமார் (நகரத்தார் வீட்டுப் பெண்கள்) தங்கள் பணத்தைக் கடைகளில் வட்டிக்குப் போட்டுத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டதும் உண்டு. நிர்வாகம் நமக்குத் தெரியும். இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகி நிற்கும் பழக்கம்தான் கைவரவில்லை. "நான் செய்தால்தான் சரியாக வரும்" என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் மாதந்தோறும் பணிமுறைப் பட்டியல் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு இரவுப் பணி, யாருக்கு விடுப்பு, யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஒருவரைத் தேர்ந்து, முதல் மாதம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லலாம். இரண்டாம் மாதம் இருவரும் சேர்ந்து போடலாம். மூன்றாம் மாதம் அந்தப் பெண் போட, இவர் ஒட்டுவதற்கு முன் பார்க்கலாம். நான்காம் மாதம் ஒட்டிய பிறகு பார்க்கலாம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில்தான் நெஞ்சு படபடக்கும். பெரும்பாலோர் அங்கேதான் வேலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

பிடுங்காதீர்கள். பட்டியலில் ஒரு பிழை வரும். இருவருக்கு ஒரே நாளில் விடுப்பு விழும். அதை அந்தப் பெண்ணே சரிசெய்யட்டும். நோயாளிக்குக் கேடு வரும் இடத்தில் மட்டும் குறுக்கிடுங்கள். அதைச் செய்யும்போதும் மற்றவர்கள் முன்னால் செய்யாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

யாரைத் தேர்வது என்றும் கேட்பார்கள். மிகத் திறமையானவரைத்தான் என்று இல்லை. கேள்வி கேட்பவரைத் தேருங்கள். எதற்கும் "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்பவர் கடைசி வரை பெட்டியடியிலேயே இருந்துவிடுவார்.

குழு வேலை என்றால் எல்லாரும் எல்லா வேலையும் செய்வதுதானே?

அப்படி நினைத்த இடங்களில்தான் சண்டை வருகிறது. "எல்லாருடைய வேலை" என்றால் பிழை வரும்போது யாருடையதும் அல்ல.

நகரத்தார் வீடுகளில் "வேறு வைப்பது" என்ற வழக்கத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் அந்தத் தம்பதிக்குத் தனிச் சமையல், தனி வரவு செலவு. வளவு என்னும் நடு முற்றம் பொது, விசேஷம் என்றால் எல்லாரும் ஒன்று. அடுப்பும் கணக்கும் மட்டும் தனி. அத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு அந்த எல்லைக்கோடு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அலுவலகத்திலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். உதவ பத்துப் பேர் வரலாம், பொறுப்பு ஒருவருக்குத்தான். அந்தப் பெயர்களை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். எவ்வளவு முணுமுணுப்பு அடங்குகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கூட்டக் குறிப்பு, வழியனுப்பு விழா, பொங்கல் விழாக் கோலம், வருகிறவர்களுக்குத் தேநீர் எல்லாம் என் தலையில்தான் விழுகிறது. மறுத்தால் தவறாக நினைப்பார்களா?

நினைப்பார்கள். ஆனாலும் கேள்வி சரியானது. இந்த வேலைகள் அலுவலகத்துக்குத் தேவை, பதவி உயர்வுக் குழுவின் முன் மட்டும் செல்லாக்காசு. லிண்டா பேப்காக் முதலிய நான்கு பெண் பொருளியல், மேலாண்மை ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாராவது ஒருவர் முன்வந்தாக வேண்டும், ஆனால் முன்வருபவருக்கு லாபம் குறைவு என்ற ஏற்பாட்டில் ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களை அமர்த்திப் பார்த்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்களே முன்வந்தார்கள்! ஆக, பெண்களுக்குத் தியாகம் இரத்தத்தில் ஊறியது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பெண் செய்துவிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்ப்பதும் அவளே அதை எதிர்பார்ப்பதும்தான் காரணம்.

நீங்கள் தலைமையில் இருந்தால் "யார் செய்கிறீர்கள்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் ஒரு பெண்ணின் கைதான் உயரும். சீட்டுப் போடுங்கள். நாட்டரசன்கோட்டையில் தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்ப் பொங்கலில் யார் முதல் பானை வைப்பது என்பதையே சீட்டு எடுத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அவ்வளவு பெரிய மரியாதைக்கே அந்த முறை பொருந்துகிறது என்றால் கூட்டக் குறிப்பு எழுதப் பொருந்தாதா?

நீங்கள் தலைமையில் இல்லை என்றால், "சென்ற முறை நான் எழுதினேன், இம்முறை அவர் எழுதட்டும், அடுத்து இவர்" என்று வரிசையாகவே சொல்லிவிடுங்கள். காரணம் விளக்க வேண்டாம். காரணம் சொல்லத் தொடங்கினால் அதற்கு மறுப்பும் வரும்.

என்னைவிட வயதில் மூத்த ஆண் ஊழியரிடம் வேலை வாங்குவது எப்படி? அவரை எப்படி அழைப்பது?

உறவுமுறை சொல்லி அழைப்பது இங்கே இயல்பு. "அண்ணே" என்று அழைத்துக்கொண்டே உறுதியாக வேலை வாங்கலாம். "சார்" என்று அழைத்தும் வாங்க முடியாமல் போகலாம். ஆனால் ஒன்று: எல்லாரையும் ஒரே மாதிரி அழையுங்கள். அவரை "அண்ணே", துப்புரவுப் பணியாளரைப் பெயர் சொல்லி "நீ" என்றால் நீங்கள் மரியாதையை வயதுக்குத் தரவில்லை, பதவிக்குத்தான் தருகிறீர்கள் என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

வேலையைச் சொல்லும்போது சுற்றி வளைக்காதீர்கள். "உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால், முடிந்தால், நாளைக்குள்..." என்று தொடங்கினால் நாளை மறுநாள்கூட வராது. "அண்ணே, வியாழன் மதியத்துக்குள் இது எனக்கு வேண்டும். இடையில் ஏதாவது தடை இருந்தால் புதன்கிழமையே சொல்லுங்கள்." இதில் மரியாதையும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது.

அவருடைய அனுபவத்தைக் கேளுங்கள், உண்மையாகவே தேவைப்படும்போது மட்டும். அவர் மனம் குளிரட்டும் என்று கேட்பதை அவர் உடனே கண்டுகொள்வார். உங்களைவிட முப்பது வருடம் அதிகம் மனிதர்களைப் பார்த்தவர் அல்லவா?

நான் நடத்தும் கூட்டத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. வெளியே வந்து மட்டும் பேசுகிறார்கள்.

உள்ளே பேசினால் அடி விழும் என்று அவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடமே கற்றிருக்க வேண்டும் என்பதில்லை, பள்ளிக்கூடத்திலேயே கற்றிருக்கலாம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, நல்ல குழுக்களிலேயே அதிகப் பிழை பதிவானது குழப்பத்தைத் தந்தது. பிறகுதான் புரிந்தது: அந்தக் குழுக்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பிழை நடந்தது, பதிவாகவில்லை. உங்கள் அலுவலகத்தில் எந்தப் பிழையும் இல்லை என்று அறிக்கை வந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

செய்யக்கூடியது எளியது. கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பணியில் இளையவரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் அதையே வழிமொழிவார். யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் முதல் வாக்கியமாக "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், "ஏன் இப்படி ஆயிற்று" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். 2010-இல் அனிதா வில்லியம்ஸ் வூலி குழுவினர் 699 பேரைச் சிறு சிறு குழுக்களாக்கிச் சோதித்தபோது, குழுவின் திறமை அதிலிருந்த மிகப் பெரிய அறிவாளியைப் பொறுத்து அமையவில்லை. ஒருவர் மற்றவரின் மனநிலையைப் புரிந்துகொள்வதும், எல்லாரும் ஏறக்குறைய சமமாகப் பேசுவதும்தான் திறமையோடு கூடவே வந்தன.

கண்டித்தால் "ராங்கிக்காரி" என்கிறார்கள். பொறுத்துப்போனால் ஏமாளி என்று நினைக்கிறார்கள்.

இரண்டு பட்டமும் எப்படியும் கிடைக்கும். முதலாவதோடு வேலையாவது நடக்கும்.

கொஞ்சம் விரித்துச் சொல்வதானால், கண்டிப்பதை ஆளின் மீது வைக்காமல் செயலின் மீது வையுங்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்ற பேச்சு வேண்டாம். "இந்த வாரம் இரண்டு முறை கணக்கு மாலைக்குள் வரவில்லை" என்று சொன்னால் போதும். சொன்ன பிறகு அதோடு விட்டுவிடுங்கள். மறுநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதுதான் நமக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்பது உண்மைதானே?

இல்லை. இரண்டு ஆண்கள் மோதினால் அதற்குப் பெயர் போட்டி. இரண்டு பெண்கள் மோதினால் மட்டும் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது. ஒரே ஒரு நாற்காலிதான் பெண்ணுக்கு என்று ஒதுக்கிவைத்த இடத்தில் இருவர் மோதத்தான் செய்வார்கள். இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

வீடு, மாமியார், கல்யாணம், திருவிழா... இங்கே விசேஷத்துக்குக் குறைவே இல்லை. அலுவலகத் தலைமையோடு இதை எப்படிச் சமாளிப்பது?

எல்லா விசேஷத்துக்கும் முழு நாள் போக முடியாது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. நாட்காட்டியை விரித்து, "இந்த நான்குக்கு நான் இரண்டு நாள் முன்பே வந்துவிடுவேன், மற்றவற்றுக்கு முகூர்த்தத்துக்கு மட்டும்" என்று பேசி முடியுங்கள். அன்றைக்கு அன்றைக்குச் சொல்வதுதான் மனக்கசப்பைத் தருகிறது. குடும்பத்துப் பெரியவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் மரியாதை. நீங்கள் நின்று முறுக்குச் சுற்றித் தர வேண்டும் என்பது அல்ல. அதற்குத்தான் காரைக்குடியில் தெருவுக்குத் தெரு பலகாரம் செய்துதரும் பெண்கள் இருக்கிறார்களே! தேன்குழலும் மனகோலமும் சீப்புச்சீடையும் அவர்கள் சுட்டுத் தரட்டும்; அவர்களுக்கும் அது தொழில்.

கணவரிடம் "உதவி" கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையது, அவர் கைகொடுக்கிறார் என்று ஆகிவிடும். மேலே சொன்னதுதான் வீட்டுக்கும்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் பெற்றோர் கூட்டமும் அவருடையது என்றால் தேதியை நினைவில் வைப்பதும் அவர் வேலைதான்.

எங்கள் வட்டாரத்தில் முன்மாதிரி என்று யாரைச் சொல்வீர்கள்?

காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 15 இலட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் தர, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய நிலையம். அங்கே 1997-இல் பணியைத் தொடங்கியவர் ந. கலைச்செல்வி. திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர், லித்தியம் அயனி மின்கலங்களில் வல்லுநர். 2019-இல் அந்த நிலையத்தின் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் முழுமைக்கும் தலைமை இயக்குநரானார். அந்த இடத்திலும் முதல் பெண். தொடக்கத்துக்கும் இயக்குநர் பதவிக்கும் இடையில் இருபது ஆண்டுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

வேலு நாச்சியாரைச் சொல்லாமல் சிவகங்கைச் சீமையில் இந்தப் பேச்சு முடியாது. மேடைகளில் அவருடைய வாளைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். எனக்கு அவர் காத்திருந்த காலம்தான் பெரிதாகப் படுகிறது. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். 1780-இல்தான் சீமை மீண்டது. நடுவில் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணையைப் பெற்று, படை திரட்டி, மருது சகோதரர்களோடு சேர்ந்து திட்டமிட்ட ஆண்டுகள். சீமை மீண்ட பிறகும் ஆட்சிப் பொறுப்பை மருதுகளோடு பகிர்ந்துகொண்டார்.

பெரிய பெயர்கள் வேண்டாம் என்றால் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தைப் படியுங்கள். நம் செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். கூலித் தொழிலாளிகள், கல்குவாரிப் பெண்கள், கிராமச் செவிலியர்கள் எல்லாரும் கூட்டம் கூட்டமாகக் கற்றார்கள். தனியாக ஒருத்தி சைக்கிளில் போயிருந்தால் கேலி செய்தே இறக்கிவிட்டிருப்பார்கள். நூறு பேர் ஒன்றாகப் போனபோது கேலி செய்ய ஆள் கிடைக்கவில்லை. தனி ஒருத்தியின் பழக்கமும் குழுவும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெண் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் ஏதாவது?

இரண்டையாவது மனப்பாடமாக வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான கடை, நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகாரை உங்களிடம் சொல்ல வரும் பெண்ணிடம் "பெரிதுபடுத்தாதே" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

அடுத்தது மகப்பேறு விடுப்பு. 2017 திருத்தம் தொடங்கி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம். திரும்பி வரும் பெண்ணுக்குப் பழைய வேலையையே கொடுங்கள். "பாவம், கைக்குழந்தைக்காரி" என்று சிறிய வேலைக்கு மாற்றுவதும் ஒருவகைத் தண்டனைதான்.

என்னிடம் இருப்பது மூன்று தையல் இயந்திரமும் இரண்டு பெண்களும். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், பெரும்பாலும் இன்னும் எளிதாக. நோட்டு, ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஓர் அடுத்தாள். இவை மூன்றும் போதும். கூடுதலாக ஒன்று: கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்காதீர்கள். உங்களுக்கே ஒரு மாதச் சம்பளம் வைத்து, அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பெண்கள் நடத்தும் கடைகளுக்கு நான் கடன் மனு பார்த்த காலத்தில் தயங்கவைத்தது விற்பனைக் குறைவு அல்ல. எந்தப் பணம் கடையுடையது, எது வீட்டுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத கணக்குத்தான்.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

அந்த மாலை நோட்டுகளைப் புரட்டி, வருபவருக்கு நான்கு பக்கம் எழுதுங்கள். பாதியில் நிற்கும் வேலைகள், அவை ஒவ்வொன்றும் யாரிடம் நிற்கின்றன, வாக்குக் கொடுத்து இன்னும் நிறைவேற்றாதவை, எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார். ஊழியர்களைப் பற்றிய உங்கள் நல்லது கெட்டது அபிப்பிராயங்களை அதில் எழுதாதீர்கள். புதியவர் அவர்களைத் தம் கண்ணால் பார்க்கட்டும். உங்கள் அடுத்தாளை உட்காரவைத்து அந்த நான்கு பக்கத்தையும் அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள், விட்டுப்போனவற்றை அவர் சேர்ப்பார். பிறகு உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, முதல் மாதம் மட்டும் அழைக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.